ஊசி போட்டுப் பழகியது தோழி, மரத்துப்போனது என் நாக்கு: ஒரு பல் மருத்துவ மாணவியின் கடிதத்துக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்:

எழுதியிருப்பவர் தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. வயது 21. ஊர், கல்லூரி விவரங்களை எடுத்துவிட்டேன்.

ஓரல் சர்ஜரி போஸ்டிங்கில் மரப்பூசி போடக் கற்றுக்கொடுக்கும்போது மாணவர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவருக்கொருவர் கீழ்த்தாடை பிளாக் (கீழ்த்தாடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அதே வகுப்பை ஒரு பி.ஜி. (முதுநிலை) மாணவர் தன் தீசிஸுக்கும் பயன்படுத்திக்கொண்டார். 2 சதவீத லிக்னோகைன், 4 சதவீத ஆர்ட்டிகைன், இந்த இரண்டு மரப்பு மருந்துகளில் எது சீக்கிரம் மரக்கச் செய்கிறது என்பதுதான் ஆய்வு. ஒவ்வொருவருக்கும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை ஊசி, முறைக்கு ஒரு மருந்து. எது எந்த மருந்து என்று யாருக்கும் தெரியாதபடி சிரிஞ்சில் எண் மட்டும் ஒட்டியிருந்தது. அட்டெண்டன்ஸ் எடுக்கும் நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கன்சென்ட் ஃபார்ம் சுற்றி வர, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நகல் யாருக்கும் தரவில்லை.

இவருக்கு ஊசி போட்டது இவருடைய ரூம்மேட். முதல் முறை எலும்பைத் தொட்டு மருந்தைச் செலுத்தியும் பத்து நிமிடம் கழித்து உதடும் மரக்கவில்லை, நாக்கும் மரக்கவில்லை. சிரிஞ்சில் மீதியிருந்த மருந்தை அதே ஊசியால் இன்னொரு முறை போடச் சொன்னார்கள். இரண்டாவது தடவை நாக்கின் நுனிவரை ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று ஒன்று ஓடியிருக்கிறது. மாலைக்குள் உதடு சரியாகிவிட்டது. நாக்கின் வலது பாதி மட்டும் மூன்று வாரமாகியும் மரத்தே இருக்கிறது, அந்தப் பக்கம் ருசியும் தெரியவில்லை. கடந்த ஒரு வாரமாக சூடாக எதைக் குடித்தாலும், ரசம் சாப்பிட்டாலும் அந்த இடம் எரிகிறது. பி.ஜி.யிடம் சொன்னதற்கு மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமின்) மாத்திரை எழுதிக்கொடுத்து, "போயிடும்" என்றாராம். அதன் பிறகு ஒரு நாள் அவருடைய மேஜையில் தகவல் பதியும் தாளைப் பார்த்திருக்கிறார். தன் எண்ணுக்கு நேராக "பக்கவிளைவு: இல்லை" என்று எழுதியிருந்தது.

"நரம்பு அறுந்துபோச்சா டாக்டர்? வர்ற திங்கட்கிழமை ரெண்டாவது ஊசிக்குக் கூப்பிடறாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வரமாட்டேன்னு சொல்ல முடியுமா? அடுத்த வருஷம் ஃபைனல் இயர்ல ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சார்தான் இன்டர்னல் எக்ஸாமினர். அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாரு. என் ரூம்மேட் தினமும் அழறா." இது அவருடைய வார்த்தைகளிலேயே. கடைசியில், இதெல்லாம் நடந்ததிலிருந்து முக வலி, நரம்பு வலி பற்றியே படித்துக்கொண்டிருப்பதாகவும், இதற்கென்று தனியாக மேற்படிப்பு இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார்.

பதில்:

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள் அம்மா. நரம்பு அறுந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. மரப்பூசியின் ஊசி மெல்லியது, நாக்குக்குப் போகும் லிங்குவல் நரம்பு அதைவிடப் பல மடங்கு தடிமன். ஊசி அதைக் குத்தலாம், கீறலாம், உள்ளே ஒரு சின்ன ரத்தக்கசிவை உண்டாக்கலாம், மருந்தே நரம்பிழைகளை எரிச்சல்படுத்தலாம். அதை இரண்டாக வெட்டிப்போடுவது என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அறுவை சிகிச்சை செய்து நரம்பைத் தைக்க வேண்டுமோ என்று யாரும் இப்போது உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

ஏன் உதடு சரியாகி நாக்கு மட்டும் இப்படி? உங்கள் பாடத்திலேயே பாதி பதில் இருக்கிறது. நீங்கள் குறிவைப்பது கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் போகும் இன்ஃபீரியர் ஆல்வியோலார் நரம்பை. அதற்கு முன்னாலேயே, உட்புறமாக லிங்குவல் நரம்பு போகிறது. வாயை அகலத் திறக்கும்போது அது இழுபட்டு விறைப்பாக நிற்கும், ஊசி வந்தால் விலகிக்கொடுக்க இடமில்லை. இன்னொன்றும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன்டனி போக்ரல் குழுவினர் உடற்கூறு ஆய்வில் பார்த்தது: சிலருக்கு அந்த உயரத்தில் லிங்குவல் நரம்பு பல இழைகள் சேர்ந்த கயிறாக இல்லாமல் ஒற்றை இழையாகவே இருக்கிறது. பல இழை இருந்தால் ஒன்றுக்கு அடிபட்டாலும் மற்றவை வேலை செய்யும், ஒற்றை இழைக்கு அடிபட்டால் பாதி நாக்கு மொத்தமாகத் தெரியும். ருசி போனதற்கும் காரணம் இதுதான். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்கு ருசி கொண்டுபோகும் கார்டா டிம்பனி என்ற நரம்பு இந்த லிங்குவல் நரம்போடு சேர்ந்தே பயணிக்கிறது.

இப்படி ஆகிறவர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு 8 வாரத்துக்குள் தானாகவே உணர்வு திரும்பிவிடுகிறது. நீங்கள் 3 வாரத்தில்தான் இருக்கிறீர்கள். நிரந்தரமாக நின்றுவிடுவது எவ்வளவு என்பதற்கு அதே போக்ரல் குழு 2000-ல் ஒரு கணக்குப் போட்டது: சுமார் 27,000 பிளாக்குக்கு ஒன்று என்பதிலிருந்து 1,60,000 பிளாக்குக்கு ஒன்று வரை. இந்த இடைவெளி ஏன் இவ்வளவு அகலம் என்று யோசியுங்கள். எத்தனை பேருக்கு நடந்தது என்று ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் குறைவு, அதனால்தான். உங்கள் எண்ணுக்கு நேராக "இல்லை" என்று எழுதினார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு "இல்லை"யும் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது.

எரிச்சல் ஆரம்பித்ததை மோசமான அறிகுறி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்த நரம்பு விழித்துக்கொள்ளும்போது கூச்சம், ஊர்வது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வருவதுண்டு. ஆனால் அதைக் கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. சிலருக்கு அடிபட்ட நரம்பே வலியை உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடும், காயம் ஆறினாலும் வலி ஆறாது. 2020-ல் வெளியான வாய்–முக வலிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே உண்டு, 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அந்தப் பெயரைக் கொடுக்கிறோம். எரிச்சல் நாளுக்கு நாள் கூடுகிறதா, லேசாகத் தொட்டாலே வலிக்கிறதா, தூக்கத்தைக் கெடுக்கிறதா, இந்த மூன்றையும்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

உங்கள் கல்லூரிக்கு வெளியே, நரம்பு பாதிப்புகளைப் பார்த்துப் பழகிய ஒரு ஓரல் சர்ஜனையோ ஓரல் மெடிசின் நிபுணரையோ பாருங்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் ஓ.பி. போதும். அவர் செய்ய வேண்டிய பரிசோதனை பெரிய இயந்திரம் கேட்பதில்லை. பஞ்சு இழையால் தொட்டுப் பார்ப்பது, ஊசிமுனைக்கும் மழுங்கிய முனைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பது, டிவைடரின் இரண்டு முனையையும் எவ்வளவு தூரத்தில் இரண்டாக உணர்கிறீர்கள் என்பது, சூடு, குளிர்ச்சி, உப்பு, இனிப்பு. மரத்த இடத்தின் எல்லையை நாக்கின் படத்தில் வரைந்து தேதி போடச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே பரிசோதனை, புதிய படம். எல்லை சுருங்கிக்கொண்டே வந்தால் நல்ல செய்தி, அதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். நீங்களும் கண்ணாடி முன் நின்று காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் வாரம் ஒரு முறை தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். தினமும் வேண்டாம், தினமும் தடவிப் பார்த்தால் மனம் அங்கேயே போய் நின்றுகொள்ளும்.

மெத்தில்கோபாலமின் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் பி12 குறைபாடு இல்லாதவருக்கு அடிபட்ட நரம்பை அது ஆற்றிவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நீங்கள் சைவம் என்றால் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். எரிச்சல் தொந்தரவாக நீடித்தால் நார்ட்ரிப்டிலின், ப்ரீகாபலின் போன்ற நரம்பு வலிக்கான மருந்துகள் உண்டு. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள், அதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஹாஸ்டல் தோழி யாரோ சாப்பிட்ட மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். சாதாரண வலி மாத்திரை இந்த எரிச்சலுக்குக் கேட்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரசத்தையும் டீயையும் ஆறவிட்டு, நல்ல பக்கத்தில் சூடு பார்த்துவிட்டுக் குடியுங்கள். மரத்த நாக்கைக் கடித்துக்கொண்டால் தெரியாது, இரவில் ஒரு முறை கண்ணாடியில் பார்த்துவிட்டுப் படுங்கள்.

3 மாதம் ஆகியும் எல்லை சுருங்கவில்லை என்றாலோ, அதற்கு முன்பே வலி கூடினாலோ நரம்பு வலி பார்க்கும் மையத்துக்குப் போக வேண்டும். மரப்பு இடது பக்கமும் பரவினால், கன்னம் நெற்றி வரை போனால், முகம் ஒரு பக்கம் இழுத்தால் அது இந்த ஊசியால் வந்ததாக இருக்காது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், அறிகுறி போகும்வரை அந்தப் பக்கம் யாரும் பிளாக் போடக் கூடாது. பாடத்துக்காகவும் கூடாது, ஆய்வுக்காகவும் கூடாது.

திங்கட்கிழமை ஊசிக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். மருத்துவக் காரணம் மேலே சொன்னதே போதும். அது இல்லாவிட்டாலும் நீங்கள் மறுக்கலாம். "கையெழுத்துப் போட்டுவிட்டேனே" என்பது நீங்கள் மட்டுமல்ல, நம் ஊரில் படித்தவர்களும் சேர்ந்து நம்புகிற ஒரு தவறு. ஆய்வுக்கான சம்மதம் வீட்டுப் பத்திரம் மாதிரி ஒரு முறை எழுதிக்கொடுத்தால் முடிந்துபோவது இல்லை. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலும் விலகலாம், விலகியதற்காக எந்தப் பாதகமும் செய்யக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மாணவர்கள், ஊழியர்கள் போல மேலே ஒருவருக்குக் கட்டுப்பட்டு இருப்பவர்களைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படுபவர்களாகவே அந்த நெறிமுறைகள் பார்க்கின்றன. உலக மருத்துவக் கழகத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் இன்னும் ஒரு படி போகிறது. ஆய்வாளரைச் சார்ந்திருப்பவரிடம் சம்மதம் வாங்குவதானால் அந்த உறவில் சம்பந்தமே இல்லாத வேறொருவர்தான் வாங்க வேண்டும் என்கிறது. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரோடு சேர்ந்து சுற்றிவந்த தாளில், ஹெச்.ஓ.டி. முன்னால் நிற்கும்போது, "நான் போடமாட்டேன்" என்று சொல்லக்கூடிய மாணவி எத்தனை பேர்? அப்படி வாங்கியதை நான் சம்மதம் என்று எண்ணவில்லை.

உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியவை இவை: உங்களுக்குப் புரிகிற மொழியில் தகவல் தாள், அதில் என்னென்ன ஆபத்து வரலாம் என்பது (நாக்கு மரத்துப்போகலாம் என்பதும் சேர்த்து), எதாவது ஆனால் யார் செலவில் சிகிச்சை என்பது, ஆய்வாளர் எண், ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டியின் எண், கையெழுத்திட்ட நகல் ஒன்று. ஆய்வால் ஏற்பட்ட பாதிப்புக்கு இலவச சிகிச்சையும், தகுந்த இழப்பீடும் உங்கள் உரிமை.

இது பாட வகுப்புதானே, இதற்கு எத்திக்ஸ் கமிட்டி எதற்கு என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. பாடமாக மட்டும் இருந்தால் அது ஒரு கணக்கு. மருந்தை மாற்றி மாற்றிப் போட்டு, நேரத்தைக் குறித்து, தீசிஸில் எழுதப்போகிறார்கள் என்றால் அது மனிதர்கள் மேல் செய்யும் ஆய்வு. கமிட்டியின் ஒப்புதல் இருக்க வேண்டும். மருந்துகளை ஒப்பிடுகிற இந்த மாதிரி ஆய்வு, இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து ஆரம்பித்த பிறகு பதிவு செய்வதை அவர்கள் ஏற்பதில்லை. அந்தப் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. தீசிஸ் தலைப்பைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஊசி போடுவது யார் என்று அங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், ஏனென்றால் முதல் முறையாக ஊசி பிடிக்கிற மாணவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகப் போட்ட பிளாக்கில் எந்த மருந்து வேகம் என்று எப்படி அளக்க முடியும்? அனுபவசாலிகள் போட்டாலே இந்த பிளாக் 15 முதல் 20 சதவீதம் தவறுகிறது. ஆய்வாகவே பார்த்தாலும் இது தேறாது. தேறாத ஆய்வுக்காக ஒருவருடைய உடம்பில் ஊசி ஏற்றுவது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

இன்னொரு உரிமையும் உங்களுக்கு உண்டு, அநேகமாக யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். உங்களுக்குப் போனது எந்த மருந்து என்பதை உங்கள் மருத்துவருக்காகத் திறந்து சொல்லும்படி கேட்கலாம். சிகிச்சை அதனால் பெரிதாக மாறாது. ஆனால் பதிவுக்கு அது முக்கியம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேனியல் ஹாஸும் லெனனும் 21 வருடப் புகார்களை எடுத்துப் பார்த்து 1995-ல் வெளியிட்டார்கள். 4 சதவீத மருந்துகளான ஆர்ட்டிகைன், பிரிலோகைன் இரண்டோடும் மரப்பு நீடித்த புகார்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. அதற்குப் பிறகு இதை மறுத்தும் ஆதரித்தும் நிறைய எழுதியிருக்கிறார்கள், விவாதம் முடியவில்லை. ஊசி காரணமா மருந்தின் அடர்த்தி காரணமா என்று தீர்க்க வேண்டுமானால் உங்களுக்கு நடந்த மாதிரி ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். பொதுமக்களே நேரடியாக மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் படிவம் இருக்கிறது. அதையும் நிரப்பி அனுப்புங்கள்.

"நாங்கள் எல்லாம் இப்படித்தான் கற்றோம்"

உங்கள் ஹெச்.ஓ.டி. சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: ஊசியின் வலி தெரியாதவன் நோயாளிக்கு எப்படி ஊசி போடுவான் என்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை. மாணவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுப் பழகும் முறை உலகில் பல நாடுகளில் இருக்கிறது. விருப்பப்பட்டு, விலக்கு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்து, ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ஆசிரியர் நின்று, நோய் வரலாறு கேட்டு, புது ஊசியோடு செய்தால் அதை நான் கண்மூடித்தனமாக எதிர்க்கமாட்டேன். வலிக்காமல் ஊசி போட முடியும், மெதுவாகப் போட்டால் போதும் என்று தன் உடம்பில் உணர்ந்த மாணவர் அதை மறப்பதில்லை.

மரப்பு மருந்துகளின் வரலாறே தன் மேல் சோதித்துப் பார்த்தவர்களின் வரலாறுதான். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்ஸைடை இழுத்துக்கொண்டு தன் கடைவாய்ப் பல்லையே பிடுங்கச் சொன்னார். இன்று நாம் தினமும் போடும் லிக்னோகைனை ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் 1943-ல் உருவாக்கியபோது அவருடன் இருந்த பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். யாரும் இவர்களை அட்டெண்டன்ஸுக்காகப் படுக்க வைக்கவில்லை. அதே வரலாற்றின் இன்னொரு பக்கம் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். நீங்கள் பழகுகிற இந்தக் கீழ்த்தாடை பிளாக்கின் மூலமே அவரும் ரிச்சர்ட் ஹாலும் 1884–85-ல் நியூயார்க்கில் கோகெய்னை வைத்துச் செய்ததுதான். தங்கள் மேலும், சக மருத்துவர்கள் மேலும், மாணவர்கள் மேலும் போட்டார்கள். ஹால்ஸ்டெட் கோகெய்னுக்கு அடிமையானார், அந்தக் குழுவில் வேறு பலரும் அதில் சிக்கினார்கள். மாணவர் கையருகில் இருக்கிறார், சொன்னால் கேட்பார் என்பதற்காக அவர் உடம்பைப் பயன்படுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

உங்கள் வகுப்பில் நடந்ததில் எனக்குக் கோபம் வருகிற இடம் அந்த ஒரே ஊசி. எலும்பைத் தொட்ட ஊசியின் முனை வளைந்து தூண்டில் முள் போல ஆகிவிடும், வெறும் கண்ணுக்குத் தெரியாது, பஞ்சில் இழுத்துப் பார்த்தால் நூல் மாட்டும். அதை வைத்து மறுபடி போட்டால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கிழிக்கும். அதனால்தான் எலும்பைத் தொட்டு எடுத்த ஊசியை மாற்றிவிட்டு அடுத்ததைப் போட வேண்டும் என்கிறோம். ஒரு டிஸ்போஸபிள் ஊசியின் விலை என்ன? உங்கள் கடிதத்தில் இன்னொரு வரியும் உறுத்துகிறது: லிக்னோகைன் ஒரே 30 மில்லி பாட்டிலிலிருந்து எல்லோருக்கும் எடுத்தார்கள் என்பது. யாராவது பயன்படுத்திய ஊசியை மறுபடி அந்த பாட்டிலில் குத்தியிருந்தால் ரத்தத்தால் பரவும் தொற்று எல்லோருக்கும் போகும். தடுப்பூசி போடாதவர் மேல் ஹெபடைடிஸ் பி உள்ள ஊசி குத்தினால் 30 சதவீதம் வரை தொற்றலாம். நீங்களும் தோழியும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் உடனே மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

கற்றுக்கொடுக்க வேறு வழி இல்லையா? இருக்கிறது. உலர்ந்த மண்டையோட்டில் கீழ்த்தாடையின் உட்புறம் உள்ள லிங்குலா என்ற எலும்பு முனையைத் தொட்டுப் பழகுவது, பொம்மை வாயில் கோணத்தையும் ஆழத்தையும் சரி செய்வது, நண்பரின் வாயில் ஊசி இல்லாமல் விரலால் தாடை எலும்பின் கொரனாய்டு நாட்ச் என்ற பள்ளத்தைத் தடவிக் கண்டுபிடிப்பது, பிறகு மேல்தாடையில் பல்லுக்கு அருகிலேயே மருந்தைச் செலுத்தும் இன்ஃபில்ட்ரேஷன், அதன் பிறகே ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையில் பல் எடுக்க வேண்டிய நோயாளிக்கு பிளாக். இந்த வரிசையில் கற்றவர்கள் திறமையில் குறைந்துபோனதை நான் பார்த்ததில்லை.

உங்கள் ரூம்மேட்டுக்கும் இதைக் காட்டுங்கள். அவர் மேல் குற்றம் இல்லை. விறைத்து நிற்கும் நரம்பில் ஊசி படுவது முப்பது வருட அனுபவசாலிக்கும் நடக்கும். ஊசியை மாற்றச் சொல்லியிருக்க வேண்டியது பக்கத்தில் நின்ற ஆசிரியர். அந்தப் பெண் இனிமேல் ஊசியே தொடமாட்டேன் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நல்ல ஆசிரியரிடம் உட்கார்ந்து நடந்ததை ஒவ்வொரு படியாகப் பேசினால் அந்தப் பயம் இறங்கும், பேசாமல் விட்டால்தான் கையிலேயே தங்கிவிடும்.

புகார் செய்தால் என்ன ஆகும்?

நேர்மையாகச் சொல்கிறேன். பழிவாங்கவே மாட்டார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு எல்லாம் ஒருவர் கையில் இல்லை. பல்கலைக்கழகத் தேர்வில் வெளி எக்ஸாமினரும் உட்காருகிறார். எழுத்தில் பதிவான ஒரு விஷயத்துக்குப் பிறகு மதிப்பெண்ணில் கை வைப்பது அவர்களுக்குத்தான் சங்கடம். ஒன்றும் சொல்லாமல் திங்கட்கிழமை லீவு போட்டுவிடலாம் என்று தோன்றும். போடலாம்தான், ஆனால் தாளில் "பக்கவிளைவு: இல்லை" என்பது அப்படியே இருக்கும், நாளைக்கு எரிச்சல் நீடித்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

நான் சொல்வது இதுதான். முதலில் பி.ஜி.யின் கைடை நேரில் பார்த்து அமைதியாகச் சொல்லுங்கள், தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் கைடுக்கு இது தெரிந்தே இருக்காது. அன்றைக்கே எழுத்து மூலமாகவும் கொடுங்கள், நகல் எத்திக்ஸ் கமிட்டியின் உறுப்பினர் செயலருக்கு. இது யார் மேலும் புகார் என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை, ஆய்வில் நடந்த ஒரு பாதிப்பைத் தெரிவிக்கிறீர்கள், அவ்வளவுதான். கமிட்டி அதைக் கேட்டாக வேண்டும். வழக்கு, நஷ்டஈடு என்று இப்போதே போக நான் சொல்லமாட்டேன், 8 வாரத்தில் சரியாகப்போகிற வாய்ப்பே அதிகம். ஆனால் 3 மாதத்துக்குப் பிறகும் தொந்தரவு இருந்தால், கல்லூரி கைகழுவினால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அன்றைக்குக் காட்ட இந்தக் காகிதங்கள் தேவைப்படும்.

அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் வேறு யார் மூலமோ தெரிந்தால்தான் அவர் பயந்து படிப்பை நிறுத்துவது பற்றிப் பேசுவார். வெளி டாக்டரைப் பார்த்த பிறகு, அந்த நாக்குப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஆயிருக்கு, இது செஞ்சிருக்கேன், இத்தனை நாள்ல சரியாகும்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லுங்கள். அம்மாவை முதலில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மேற்படிப்பு பற்றிக் கேட்டது

இந்தியாவில் எம்.டி.எஸ். ஒன்பது பிரிவுகளில் வாய்–முக வலிக்கோ பல் மருத்துவ மயக்கவியலுக்கோ தனிப் பிரிவு இல்லை. ஓரல் மெடிசினும் ஓரல் சர்ஜரியும்தான் கிட்டத்தில் இருப்பவை. அமெரிக்காவிலேயே பல் மருத்துவ மயக்கவியலுக்கு 2019-லும் வாய்–முக வலிக்கு 2020-லும்தான் தனித்துறை அங்கீகாரம் கிடைத்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ மயக்கவியலுக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது, மேலே சொன்ன ஹாஸ் அங்கேதான் ஆசிரியராக இருந்தவர். நம் ஊரில் பல்லே காரணமில்லாத நரம்பு வலிக்குப் பல்லைப் பல்லாகப் பிடுங்கிக்கொண்டு வருகிற நோயாளிகளைப் பார்க்கும்போது, இதைப் படித்தவர்கள் எவ்வளவு தேவை என்று எனக்குத் தோன்றாத நாளில்லை. தாராளமாக வாருங்கள். உங்கள் நாக்கின் வரைபடங்களை, நீங்கள் சம்மதித்தால் மட்டும், ஒரு தனிநபர் அறிக்கையாக எழுதலாம். அதை எழுதுவது நீங்களாகவே இருக்கலாம்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று திணறாதீர்கள், இவ்வளவு போதும்:

"இன்ன தேதியில் இன்ன ஆய்வில் இன்ன எண்ணாகப் பங்கேற்றேன். வலது கீழ்த்தாடை பிளாக்கின் இரண்டாவது முயற்சியில் மின்சாரம் பாய்ந்த உணர்வு ஏற்பட்டது. அன்றிலிருந்து நாக்கின் வலது முன்பாதியில் மரப்பும் ருசியின்மையும், இன்ன தேதியிலிருந்து எரிச்சலும் உள்ளன. இதை ஆய்வின் பக்கவிளைவாகப் பதிவு செய்து எத்திக்ஸ் கமிட்டிக்குத் தெரிவிக்கவும், எனக்குச் செலுத்திய மருந்து எது என்பதை என் மருத்துவருக்குத் தெரிவிக்கவும், கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகலைத் தரவும் வேண்டுகிறேன். ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் அலுவலக சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் போய்ச் சேரட்டும்.